கூண்டுகள் சொல்லாத நீர்: வங்கக் கடல் தீவுக் கரைகளில் புயல் அலை முன்கணிப்பின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

புயலின் பாதையையும் காற்றின் வேகத்தையும் முன்னறிவிக்கும் ஏற்பாடு வங்கக் கடலில் 1865 முதல் படிப்படியாக உருவானது. புயலோடு கரையேறும் கடல்நீரைக் கணிக்கும் எண்முறை மாதிரிகள் 1972இல்தான் தோன்றின. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இந்த இடைவெளியில் மாண்டவர்களில் பெரும்பாலோர் தீவுகளிலும் ஆற்றுமுகத் தாழ்நிலங்களிலும் வாழ்ந்தவர்கள். அவர்கள் காற்றால் இறக்கவில்லை, நீரில் மூழ்கி இறந்தனர். இவ்விடைவெளி ஏற்பட்ட முறையையும், 1964ஆம் ஆண்டின் தனுஷ்கோடிப் பேரழிவு அதில் பெறும் இடத்தையும், மாதிரிகளைச் சோதிப்பதில் வரலாற்று ஆவணங்களுக்குள்ள பங்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புயல் அலை, தனுஷ்கோடி, பாக் விரிகுடா, போலா, எண்முறை மாதிரி, புயல் எச்சரிக்கைக் கூண்டு.

முன்னுரை

தமிழகத் துறைமுகங்களில் புயற்காலத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளைச் செய்தித்தாள் படிக்கும் எவரும் அறிவர். பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு, நாகப்பட்டினத்தில் எட்டாம் எண் கூண்டு என்ற தலைப்புகள் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வழக்கமானவை. இக்கூண்டுகள் மொத்தம் 11. முதலிரண்டும் தொலைவிலுள்ள காற்றழுத்தத் தாழ்வையும் புயலையும் குறிக்கின்றன. எட்டாம் எண், கடும்புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுக் கரை கடக்கும் என்பதையும், ஒன்பதாம் எண் வலப்புறம் விட்டுக் கடக்கும் என்பதையும், பத்தாம் எண் துறைமுகத்தின் மீதோ அருகிலோ கடக்கும் என்பதையும் அறிவிக்கின்றன. பதினோராம் எண், எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுப்போனது என்பதன் அடையாளம். தொடர்பு அறுந்ததைச் சொல்வதற்குக்கூட ஒரு கூண்டு வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் கடல் எவ்வளவு உயரம் கரையேறும் என்பதைச் சொல்ல இப்பதினொன்றில் ஒன்றுகூட இல்லை.

இது தற்செயலான விடுபாடு அன்று. கூண்டுகள் கப்பல் தலைவர்களுக்காக வகுக்கப்பட்டவை. ஆழ்கடலில் இருக்கும் கப்பலுக்குக் காற்றின் திசையும் புயலின் பாதையும்தான் வாழ்வா சாவா என்பதைத் தீர்மானிக்கும். கடல் மட்டம் இரண்டு மூன்று மீட்டர் உயர்வது அதற்கு ஒரு பொருட்டன்று. அந்த உயர்வு உயிரைப் பறிப்பது கரையில் இருப்பவனிடத்தில். அதிலும் ஏறி ஒதுங்க மேடில்லாத தீவுக்காரனிடத்தில்.

சொல்லும் பொருளும்

ஆய்வுக்குள் புகுமுன் ஒரு சொற்சிக்கலைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. நிலநடுக்கத்தால் எழும் பேரலைக்கு 2004ஆம் ஆண்டுக்குப் பின் ‘ஆழிப்பேரலை’ என்ற சொல் தமிழில் நிலைபெற்றுவிட்டது. புயலால் எழும் நீருக்கு அவ்வாறு நிலைத்த சொல் இல்லை. 1964ஆம் ஆண்டு நிகழ்வை நினைவுகூரும் இதழ்க் கட்டுரைகள் ‘ராட்சத அலை’ என்கின்றன. இலக்கிய மரபிலிருந்து ‘கடல்கோள்’ என்ற சொல்லை எடுத்தாள்வோரும் உளர். அச்சொல் கடல் நிலத்தைக் கொண்ட விளைவைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே பழந்தமிழ் நூல்களின் கடல்கோள் குறிப்புகளைப் புயலுக்கோ நிலநடுக்கத்துக்கோ உரியனவாகத் துணிந்து உரைப்பது ஏற்புடையதன்று.

இக்கட்டுரை ‘புயல் அலை’ என்ற சொல்லை ஆள்கிறது. ஆயினும் இது வந்து மோதித் திரும்பும் அலை அன்று. கடலின் மட்டமே பல மணி நேரம் உயர்ந்து நிற்பதாகும். அதற்கு இரு காரணங்கள் உண்டு. புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் சற்றே உப்புகிறது. ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்தக் குறைவுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்வு என்பது கணக்கு. 50 ஹெக்டோபாஸ்கல் குறைந்த கடும்புயலிலும் இது அரை மீட்டரே. எஞ்சிய உயர்வு முழுவதும் காற்று நீரைக் கரைநோக்கித் தள்ளிக் குவிப்பதால் விளைவது. காற்று தள்ளும் கடற்பரப்பு நீளமாக இருந்தால் குவிப்பு மிகும். கடல் ஆழமாக இருந்தால் குறையும். ஆகவே ஒரே வலிமையுள்ள புயல், ஆழமான கரையில் ஒரு மீட்டரும் ஆழமற்ற விரிகுடாவில் பல மீட்டரும் நீரை ஏற்றக்கூடும். இந்த நீரேற்றம் உயர் ஓதத்தோடு சேர்ந்து வந்தால் அழிவு பன்மடங்காகிறது. அதன் மேல் காற்றலைகள் தனியே மோதுகின்றன.

பிடிங்டனின் கடிதம் முதல் பாக்கர்கஞ்ச் வரை

புயல் அலையின் ஆபத்து அறியப்படாததால்தான் முன்கணிப்பு தாமதமாயிற்று என்று கருத இடமில்லை. ‘சைக்ளோன்’ என்ற சொல்லைப் படைத்தவரும் கல்கத்தாவின் கடல்சார் விசாரணை மன்றத் தலைவராக இருந்தவருமான ஹென்றி பிடிங்டன், 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிக்கு ஒரு நீண்ட கடிதத்தை அச்சிட்டு வெளியிட்டார். ஊக்ளி ஆறு தூர்ந்துவருவதால் சுந்தரவனப் பகுதியில் மாத்லா ஆற்றின் கரையில் ஒரு புதிய துறைமுகம் அமைக்க அரசு எண்ணியிருந்தது. அவ்விடம் புயல் அலைக்கு நேர் எதிரே திறந்து கிடக்கிறது. ஒரு நாள் 5 முதல் 15 அடி வரையிலான உப்புநீர் குடியேற்றம் முழுவதையும் மூழ்கடிக்கும் என்பது அக்கடிதத்தின் சாரம். அலையாத்திக் காடும் தாழ்ந்த தீவுகளும் எதைத் தாங்கி நிற்கின்றன என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். அவர் சொல் எடுபடவில்லை. 1858இல் பிடிங்டன் மறைந்தார். போர்ட் கேனிங் எழுந்தது. 1867 நவம்பர் முதல் நாளில் வந்த புயலும் அலையும் அதைச் சிதைத்தன. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது.

பிடிங்டன் சொன்னது முன்கணிப்பு அன்று, முன்னெச்சரிக்கை. ‘ஒரு நாள் வரும்’ என்று அவரால் சொல்ல முடிந்தது. எந்த நாள், எவ்வளவு என்பதைச் சொல்லும் கருவி அவரிடம் இல்லை. அதே நேரத்தில், இடத்தின் அமைப்பை மட்டும் கொண்டே ஆபத்தை மதிப்பிடலாம் என்று அவர் காட்டியது இன்றைய ஆபத்து வரைபடங்களின் அடிப்படைக் கருத்தேயாகும். அரசுக் கோப்புகளில் இக்கடிதம் பெற்ற அலட்சியம், பின்னர் வரும் பல கதைகளுக்கு ஒரு முன்மாதிரி போல அமைந்துவிட்டது.

1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைத் தாக்கிய புயல், ஊக்ளி முகத்துவாரத்திலுள்ள சாகர் தீவை மூழ்கடித்தது. ஏறத்தாழ 5,600 பேர் வாழ்ந்த அத்தீவில் 1,500க்கும் குறைவானோரே எஞ்சினர். காஸ்ட்ரெல், பிளான்ஃபோர்ட் ஆகிய இருவரும் தொகுத்து 1866இல் வெளிவந்த அறிக்கை, நீர் எந்த ஊரில் எவ்வளவு உயர்ந்தது, எந்த நேரத்தில் வந்தது என்பதைச் சாட்சிகளைக் கொண்டு பதிவுசெய்தது. ஆனால் இந்நிகழ்வின் நேரடி விளைவு கல்கத்தாத் துறைமுகத்துக்கு 1865இல் ஏற்பட்ட புயல் எச்சரிக்கை ஏற்பாடுதான். துறைமுகத்தில் நின்ற கப்பல்களின் இழப்பு வணிகர் குரலாக ஒலித்தது. சாகர் தீவினருக்கு அத்தகைய குரல் இல்லை. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அதன் முதல் தலைவராகப் பிளான்ஃபோர்டே அமர்ந்தார்.

மறு ஆண்டே, 1876 அக்டோபர் 31 இரவு, பாக்கர்கஞ்ச் புயல் மேக்னா ஆற்றுமுகத் தீவுகளான ஹாதியா, சந்த்வீப், தெற்கு ஷாபாஸ்பூர் ஆகியவற்றை விழுங்கியது. மூழ்கி இறந்தோர் ஏறத்தாழ ஒரு லட்சம் என்றும், அதைத் தொடர்ந்த காலராவிலும் பட்டினியிலும் மேலும் அத்தனை பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டது. ஜான் எலியட் இப்புயலைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார். தெற்கு ஷாபாஸ்பூரின் இன்றைய பெயர் போலா. அப்பெயர் 94 ஆண்டுகள் கழித்து மீண்டும் உலகச் செய்தியாயிற்று.

எண்களின் நம்பகம்

இக்காலப் பதிவுகளைப் பயன்படுத்துவதில் ஒரு தடை உண்டு. 1737ஆம் ஆண்டின் கல்கத்தாப் புயலில் 3 லட்சம் பேர் மாண்டதாக ஐரோப்பிய இதழ்கள் எழுதின; அவ்வெண் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பேரிடர்ப் பட்டியல்களில் இடம்பெற்றது. ரோஜர் பில்ஹாம் 1994இல் கம்பெனி ஆவணங்களை ஆராய்ந்து, அன்றைய கல்கத்தாவின் மக்கள்தொகையே அந்த எண்ணுக்கு இடம் தராது என்றும், நகரில் இறந்தோர் 3,000 அளவில்தான் என்று சமகாலக் குறிப்பு கூறுகிறது என்றும் காட்டினார். 1839ஆம் ஆண்டுக் கோரிங்கா புயலுக்குச் சொல்லப்படும் 3 லட்சம் உயிர்கள், 20,000 படகுகள் என்ற கணக்கும் இதே ஐயத்துக்குரியது.

இது வெறும் எண்ணிக்கைத் தகராறு அன்று. ஒரு கரையில் நூறாண்டுக்கு ஒருமுறை எவ்வளவு உயரம் நீர் வரும் என்பதை மதிப்பிடுவதற்கு அண்மைக்கால அளவீடுகள் போதா. பழைய நிகழ்வுகளைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும். மிகைப்பட்ட ஒரு பழைய எண் கணக்கில் நுழைந்தால், இல்லாத ஆபத்துக்கு அணை கட்டச் சொல்லும். விடுபட்ட ஒரு நிகழ்வு, இருக்கும் ஆபத்தை மறைக்கும். ஆவணத் திறனாய்வு இங்குப் பொறியியலின் ஒரு பகுதியாகிறது. வரலாற்றுத் துறையினர் இதில் காட்டும் ஆர்வம் மிகக் குறைவு என்பதைச் சொல்லியே ஆகவேண்டும்.

தனுஷ்கோடி, 1964

ராமேசுவரம் தீவின் கிழக்கு வால்போல நீண்டிருக்கும் மணல்திட்டு தனுஷ்கோடி. அதன் வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து வரும் தொடர்வண்டிப் பயணிகள் இங்குக் கப்பலேறித் தலைமன்னார் வழியாகக் கொழும்பு சென்றனர். நிலையம், சுங்கச்சாவடி, அஞ்சலகம், பள்ளி, கோயில், தேவாலயம் என ஒரு சிற்றூருக்கு வேண்டிய யாவும் கடல் மட்டத்திற்குச் சற்றே உயர்ந்த மணலின் மீது நின்றன.

1964 டிசம்பர் 17ஆம் நாள் அந்தமான் கடலின் தென்பகுதியில் தோன்றிய தாழ்வழுத்தம் 19ஆம் நாள் புயலாயிற்று. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இத்தனை கடுமையான புயல் உருவாவது அரிது. மேற்கு நோக்கி வந்த அது 22ஆம் நாள் இலங்கையின் வடபகுதியை வவுனியா வழியாகக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியை அடைந்தது. காற்று மணிக்கு 280 கிலோமீட்டர் வரை வீசியதாக மதிப்பிடப்படுகிறது. பாம்பனிலிருந்து இரவு 11.55 மணிக்குப் புறப்பட்ட 653ஆம் எண் பயணியர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும் தறுவாயில் நீரில் அடித்துச் செல்லப்பட்டது. பயணிகள் 110 பேரும் பணியாளர் 5 பேரும் அதில் இருந்ததாகப் பொதுவாகக் குறிக்கப்படுகிறது. பயணச்சீட்டின்றி ஏறியவர்கள் இக்கணக்கில் அடங்கார். இப்புயலில் இறந்தோர் மொத்தம் 1,800 அளவில் இருக்கலாம் என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. சென்னை அரசு தனுஷ்கோடியை வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது. சிதைந்த பாம்பன் பாலம் இ. ஸ்ரீதரன் மேற்பார்வையில் 46 நாள்களில் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கான இருப்புப்பாதை திரும்பவில்லை.

பாலம் மீண்ட கதை பாடநூல்களுக்குப் போயிற்று. நீர் வந்த விதம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதை இயற்பியலின் துணையோடு ஓரளவு மீட்டெடுக்கலாம். வட அரைக்கோளத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழலும். புயலின் மையம் வவுனியா, மன்னார்ப் பக்கம் நின்றபோது, அதற்கு மேற்கே இருந்த தனுஷ்கோடியில் காற்று வடக்கிலிருந்து வீசியிருக்க வேண்டும். கோடியக்கரையிலிருந்து தனுஷ்கோடி வரை வடக்குத் தெற்காக 100 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 13 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. நீளமான பரப்பும் குறைந்த ஆழமும் ஒருங்கே அமைந்த இக்கடலின் நீரை வடகாற்று தெற்கு நோக்கித் தள்ளும்போது, அது போய்க் குவிவதற்குள்ள இடம் ராமேசுவரம் தீவின் வடகரையும் ஆதாம் பாலத்தின் மணல்மேடுகளுமே. மையம் கடந்து மேற்கே நகர்ந்ததும் காற்று தெற்கிலிருந்து திரும்புகிறது. இப்போது தள்ளப்படுவது மன்னார் வளைகுடாவின் நீர். அவ்வளைகுடா தெற்கே ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குவதால் அங்கு மட்டம் அவ்வளவு உயராது; ஆனால் ஆழ்கடலில் எழுந்த காற்றலைகள் வலிமை குன்றாமல் கரையை வந்து அறையும். ஆக இம்மணல்திட்டுக்கு ஒரே இரவில் வடக்கிலிருந்து உயர்ந்த நீரும் தெற்கிலிருந்து பேரலைகளும் என இரு வேறு வகைத் தாக்குதல்கள் நேரக்கூடிய அமைப்பு இருந்தது. அழிவைச் சொல்லும் எழுத்துகள் ‘ராட்சத அலை’ என்ற ஒரே சொல்லில் இவ்விரண்டையும் கலந்துவிட்டன.

இக்கலப்பு அளவு பற்றிய சிக்கலுக்கும் காரணமாகிறது. தனுஷ்கோடியில் எழுந்த அலை 7 மீட்டர் உயரமுடையது என்ற எண் நூல்களிலும் இதழ்களிலும் திரும்பத் திரும்ப வருகிறது. அறிவியல் பட்டியல்களில் இதைவிடக் குறைந்த மதிப்பீடுகளும் உள்ளன. முரண்பாடு போலத் தோன்றும் இவை இரு வேறு பொருள்களின் அளவுகளாக இருக்கலாம். சுவரில் நீர் பட்ட உச்சத் தடம், நின்ற நீரின் மட்டத்தோடு அதன் மேல் மோதிய காற்றலையின் தெறிப்பையும் சேர்த்தே காட்டும். எண்முறை மாதிரி கணிப்பதோ நின்ற நீரின் மட்டத்தை. தடத்தின் உயரத்தை எடுத்து மாதிரியின் விடையோடு ஒப்பிட்டால் மாதிரி எப்போதும் குறைத்துக் கணிப்பதாகவே தோன்றும். மேலும், நள்ளிரவில் உயிர் தப்பியோர் கண்ட உயரம் அச்சத்தின் உயரமுமாகும். இதனால் வாய்மொழிச் சான்றைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. ‘எவ்வளவு உயரம்’ என்ற கேள்வியைவிட ‘எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது, எத்தனை நேரம் நின்றது, எப்போது வடிந்தது’ என்ற கேள்விகளுக்கு மனித நினைவு கூடுதல் நம்பகமான விடை தரும். மாதிரியைச் சோதிக்கவும் அவ்விடைகளே பெரிதும் உதவுவன.

போலாவும் 1972ஆம் ஆண்டும்

தனுஷ்கோடி அழிந்த காலத்தில் உலகில் புயல் அலைக்கான எண்முறை மாதிரிகள் இல்லாமலில்லை. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கியதில் நெதர்லாந்தில் 1,836 பேரும் இங்கிலாந்தில் 307 பேரும் இறந்தனர். ஆழமற்ற நீரின் இயக்கத்துக்கான சமன்பாடுகள் லாப்லாஸ் காலம் தொட்டே அறியப்பட்டவை. அவற்றை விடுவிக்கும் கணிப்பொறிதான் புதிது. ஹாம்பர்க்கைச் சேர்ந்த வால்ட்டர் ஹான்சன் 1956இல் அந்த வட கடல் நிகழ்வையே எண்முறையில் மீட்டுக் காட்டினார். 1,800 பேரை இழந்த நெதர்லாந்தின் கடலுக்கு மூன்றாண்டுகளில் கணக்கு வந்தது. வங்கக் கடலுக்கு அது வர இன்னும் பெரிய சாவு தேவைப்பட்டது.

1970 நவம்பர் 12 இரவு போலா புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கரையை உயர் ஓத நேரத்தில் கடந்தது. இறந்தோர் 3 லட்சத்துக்குக் குறையாதோர் என்பது பரவலான மதிப்பீடு. ஆல்ஃப்ரெட் சோமர், வைலி மோஸ்லி ஆகியோர் நடத்திய கள ஆய்வு, இறந்தவர்களில் குழந்தைகளும் முதியோரும் பெண்களுமே மிகுதி என்றும், உழைக்கும் வயது ஆண்களே பெரும்பாலும் தப்பினர் என்றும் காட்டியது. மரத்தைப் பற்றிக்கொண்டு இரவு முழுதும் தொங்கும் உடல் வலிமை யாருக்கு இருந்ததோ அவர் பிழைத்தார். நீல் ஃபிராங்க், எஸ். ஏ. ஹுசைன் ஆகியோரின் 1971ஆம் ஆண்டுக் கட்டுரை மற்றொன்றைச் சொல்கிறது: புயல் வருகிறது என்ற செய்தி மக்களில் பெரும்பாலோரை எட்டியிருந்தது. செயற்கைக்கோள் படமும் இருந்தது. செய்தியில் இல்லாதது நீர். புயல் என்றால் வீட்டுக்குள் ஒடுங்குவதே காற்றுக்கு எதிரான இயல்பான தற்காப்பு. நீருக்கு எதிராக அதுவே சாவு.

1972இல் நேச்சர் இதழில் இரு கட்டுரைகள் வந்தன. ஒன்று இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கே. தாஸ் எழுதிய வங்கக் கடலுக்கான முன்கணிப்பு மாதிரி. மற்றொன்று ஹார்வர்டைச் சேர்ந்த கிளென் ஃபிளியர்ல், ஆலன் ராபின்சன் ஆகியோரின் ஆய்வு. அது புயல், ஓதம் ஆகிய இரண்டின் சேர்க்கைக்குரிய அட்டவணைகளையும் தந்தது. கணிப்பொறி எட்டாத வானிலை அலுவலகத்தில் கையேடாக வைத்துப் பார்க்கத்தக்க அட்டவணை என்ற எண்ணம் அன்றைய நிலைக்கு மிகப் பொருத்தமானது. எஸ். கே. கோஷ் 1977இல் இந்தியக் கிழக்குக் கரைக்கு இத்தகைய கணிப்பு வரைபடங்களைத் தந்தார். அந்த ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், கிருஷ்ணா ஆற்றின் கிளைகளுக்கிடையே தீவாகக் கிடக்கும் திவி சீமையில் ஏறத்தாழ 10,000 பேர் புயல் அலைக்குப் பலியாயினர். வரைபடம் இருப்பதும் அது கிராமத்தை எட்டுவதும் ஒன்றல்ல.

கட்டங்களுக்குள் அடங்காத தீவு

1980களில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் பிரையன் ஜான்ஸ், வங்கதேசத்தின் அன்வர் அலி, தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் எஸ். கே. துபே ஆகியோரும் அவர்களுடைய உடனாய்வாளர்களும் இத்துறையை முன்னெடுத்தனர். 1977ஆம் ஆண்டு ஆந்திரப் புயலின் நீரேற்றம் மாதிரியில் மீட்டுக் காட்டப்பட்டது. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆற்றுமுகமும் கணக்கில் சேர்க்கப்பட்டது. தில்லி மாதிரி புயலின் பாதை, அழுத்தக் குறைவு, உச்சக் காற்றின் ஆரம் என்ற சில உள்ளீடுகளைக் கொண்டே சாதாரணக் கணிப்பொறியில் இயங்கியதால், பின்னர் வங்கக் கடலையும் அரபிக் கடலையும் சுற்றியுள்ள நாடுகளின் வானிலைத் துறைகளுக்கும் வழங்கப்பட்டது.

தீவுகளைப் பொறுத்தவரை இம்மாதிரிகளுக்கு ஒரு பிறவிக் குறை இருந்தது. கடலைச் சில கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நீரின் உயரத்தைக் கணிப்பது அவற்றின் முறை. பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத தனுஷ்கோடித் திட்டு அத்தகைய கட்டத்தில் ஒன்று மறைந்துபோகும், அல்லது முழுக் கட்டமாகப் பருத்துப்போகும். தொடக்ககால மாதிரிகள் கரையை நீர் தாண்டாத செங்குத்துச் சுவராகவும் கொண்டன. நீர் தாண்டுவதே பேரழிவாக உள்ள ஒரு தீவுக்கு இந்த அனுமானம் எதைச் சொல்லும்? ஜான்ஸ் குழுவினர் 1982இலேயே நகரும் கரையை மாதிரியில் அமைக்கும் வழியை வகுத்தனர். ஆனால் முழுத் தீர்வு, ரிக் லூட்டிச், யோவான்னஸ் வெஸ்டரிங்க் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘அட்சர்க்’ மாதிரியின் முக்கோண வலையோடுதான் கைக்கு எட்டியது. ஆழ்கடலில் பெரிய முக்கோணங்கள், கரையருகே சிறியவை என வலையை நெய்யலாம் என்பதால், குறுகிய நீரிணையும் மணல்திட்டும் தம் வடிவத்தோடு இடம்பெற முடிந்தது. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இம்மாதிரியைக் கொண்டே புயல் அலை எச்சரிக்கை அளிக்கிறது. 2013ஆம் ஆண்டு பைலின் புயலில் ஒடிசாவில் நிகழ்ந்த பெருந்திரளான வெளியேற்றம் உயிரிழப்பை எவ்வளவு குறைத்தது என்பது பலரும் அறிந்ததே.

எனினும் வலை நுண்மையாவதால் மட்டும் விடை நுண்மையாவதில்லை. ரோஜர் ஃபிளாதர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 1,38,000 பேரைப் பலிகொண்ட 1991 ஏப்ரல் வங்கதேசப் புயலை எடுத்துக்கொண்டு, நீரேற்றமும் ஓதமும் ஒன்றையொன்று எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஆராய்ந்தது. சந்த்வீப் போன்ற, ஓத வீச்சு மிகுந்த தீவில் புயல் சில மணி நேரம் முந்தியோ பிந்தியோ வந்தால் நீரின் உச்சம் பல மீட்டர் மாறிவிடும். ராமேசுவரத்தில் ஓத வீச்சு ஒரு மீட்டரையும் எட்டாது. அங்கு நேரப் பிழை அவ்வளவு கெடுதல் செய்யாது. பாதைப் பிழையே கெடுக்கும். மையம் தீவுக்கு வடக்கே செல்கிறதா, தெற்கே செல்கிறதா என்பதைப் பொறுத்துப் பாக் விரிகுடா நீர் வடகரையில் குவியலாம், அல்லது வடகரையைவிட்டு உள்வாங்கலாம். 30 கிலோமீட்டர்ப் பிழையே எச்சரிக்கையை நேர்மாறாக்கப் போதுமானது. இரு தீவுகளுக்கும் மாதிரி ஒன்றே; ஆனால் அது தவறக்கூடிய இடம் வேறு வேறு.

2020 டிசம்பரில் புரெவி புயல் திரிகோணமலைக்கு வடக்கே கரையேறி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, பாம்பனை நெருங்கியது. 1964ஆம் ஆண்டின் பாதையை ஏறத்தாழ ஒத்த பாதை அது. மாதமும் அதே மார்கழியை ஒட்டிய மாதம். தீவில் மக்கள் பாதுகாப்பிடங்களுக்கு மாற்றப்பட்டனர். ஆனால் புயல் மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரம் கரைக்கு அருகே அசையாது நின்று, வலுவிழந்து, கரை கடக்காமலே கலைந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பு, 2017இல், அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டிருந்தது. 1964இல் இருப்புப்பாதை கிடந்த அதே மணலின் மீது இப்போது நாள்தோறும் சுற்றுலா வண்டிகள் செல்கின்றன. சிதைந்த தேவாலயத்தின் சுவர் அருகே சங்கு, சிப்பி விற்கும் மீனவக் குடும்பங்கள், வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்ட நிலத்தில் கொட்டகை போட்டு வாழ்கின்றன. அவர்களை எட்டும் முதல் எச்சரிக்கை இன்றும் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் கூண்டே.